ஒன்பதாம் எண் வீட்டுக் கலைஞர்

"சத்தம் போடாதடி. கலைஞர் யோசிச்சிக்கிட்டிருக்காரு."

கலைஞர் யோசிக்கவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் படுத்துத் தூங்க முயன்றுகொண்டிருந்தார். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டதில், முட்டியில் கிழிந்த நீள உள்ளாடையோடு கால் இரண்டும் வெளியே கிடந்தன.

"கண்ண மூடிக்கிட்டா யோசிப்பாங்க?"

"இவங்கள்லாம் அப்படித்தான். அந்தக் காலப் பாரேன். கால்லயே எவ்வளவு சோகம்."

போனில் படம் எடுக்கும் சத்தம் கேட்டது. மேங் கில்சு காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். அதையும் ஒருத்தி படம் எடுத்தாள்.

கில்சுவுக்கும் கலைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவன் கொரியாவின் பூசான் துறைமுகத்தில் ராத்திரி கிரேன் ஓட்டுகிறவன். கப்பலுக்கு மேலே, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில், கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவே கீழே பார்த்துக்கொண்டே பெரிய பெரிய இரும்புப் பெட்டிகளை லாரியில் இறக்குவான். காலையில் வீடு திரும்பினால் சாயங்காலம் வரை தூங்கியாக வேண்டும். மற்றவர்களுக்குத் தூக்கம் என்பது ஓய்வு, அவனுக்கு அது வேலையில் பாதி.

அந்தப் பாதி வேலையை வீடு மாறி வந்த நாளிலிருந்து அவனால் செய்யவே முடியவில்லை. போன மாதம் கூண்டிலேயே கண்ணயர்ந்து, ஒரு பெட்டி முழுக்க உறைந்த மீனைக் காலணிக் கம்பெனி லாரியில் இறக்கிவிட்டான். மேற்பார்வையாளர் குவாக் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா கூண்ட மறந்துரு. கீழ நின்னு பெட்டிக்கெல்லாம் பூட்டு சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டு இரு."

கில்சுவிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அந்தக் கூண்டைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. மனைவி போய்விட்டாள், முடியும் பாதி போய்விட்டது. விடியும் நேரத்தில் அந்த உயரத்திலிருந்து கடலைப் பார்க்கிறபோது மட்டும், தான் ஒரு ஆள்தான் என்று அவனுக்குத் தோன்றும்.

தப்பு வீட்டில்தான் இருந்தது. தொல்சான் மேட்டில் வீடு கிடைக்கிறது என்றபோது, படிக்கட்டு கொஞ்சம் செங்குத்து என்று மட்டும்தான் வீட்டுக்காரர் சொன்னார். அதற்கு முன் ஒரு ஓவியர் அங்கே குடியிருந்ததையோ, போகும்போது சுவர் முழுக்கத் தொப்பி போட்ட திமிங்கலங்களை விட்டுவிட்டுப் போனதையோ சொல்லவில்லை. அந்த மேட்டுக்கே "கலைஞர் மேடு" என்று ஊரில் பேர். கீழே படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு வரைபடம் விற்பார்கள். அதில் கலைஞர்கள் வாழும் வீடுகளுக்கு எண் போட்டிருக்கும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு ரப்பர் முத்திரை. எல்லா முத்திரையையும் வரைபடத்தில் குத்திக்கொண்டு இறங்கினால் ஒரு தபால் அட்டை இலவசம். அந்த ஓர் அட்டைக்காகக் கொரியாவின் எல்லா மூலையிலிருந்தும் ஜனங்கள் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார்கள்.

கில்சுவின் வீடு எண் ஒன்பது.

"வரைபடத்துலேர்ந்து என் வீட்ட எடுத்துருங்க" என்று வட்டார அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டான்.

"அது எங்க கையில இல்லைங்க. கலைஞர்கள் சங்கம் முடிவு பண்ணணும். தினமும் மதியம் கூடுறாங்களே, போய்ப் பேசுங்க" என்றார்கள்.

தினமும் மதியம் என்பதுதான் கில்சுவைப் பயமுறுத்தியது. மேட்டின் உச்சியில் இருந்த பழைய பொதுக் குளியல் கூடத்தைச் சங்கத்துக்குக் கொடுத்திருந்தார்கள். மதியச் சாப்பாடு ஆனதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் சாயங்காலம்தான் வெளியே வருவார்கள். அப்படி என்னதான் பேசுவார்களோ. கில்சுவின் மைத்துனன் ஒருவன் கவிதை எழுதுகிறவன். அறுவடைத் திருநாளுக்குக் கூடிய உறவுக்காரர்களை எல்லாம் உட்காரவைத்து அவன் வாசித்ததில், கில்சுவுக்கு ஒரு கால் மரத்துப்போய் ரொம்ப நேரம் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு மைத்துனனே அந்தப் பாடு படுத்தினான், இங்கே ஒரு சங்கமே இருக்கிறது. கலைஞர்களைப் பார்க்கப் போவதைவிட முத்திரையை ஒழித்துவிடுவது சுலபம் என்று முடிவு செய்தான்.

முத்திரையை எடுத்து வீட்டுக்குள் வைத்துக்கொண்டான். போர்த்திக்கொண்டு படுத்தான். கண் சொருகுகிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"ஐயா, ஒன்பதாம் நம்பர் முத்திரையக் காணோமே."

"தொலைஞ்சு போச்சு."

"எட்டு வர குத்திட்டோம் ஐயா. எங்க அம்மா முட்டி வலியோட ஏறி வந்திருக்காங்க."

அம்மாவின் முட்டியைப் பற்றிக் கேட்ட பிறகு என்ன செய்வது? எழுந்து போய்க் கதவைத் திறந்து, பாதி மூடிய கண்ணோடு வரைபடத்தில் முத்திரையைக் குத்தினான். கோணலாக விழுந்தது.

"கலைஞரே தன் கையால குத்திக் கொடுத்தாருமா" என்று அந்தப் பெண் தழுதழுத்தாள்.

சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தி எல்லார் போனிலும் ஏறிவிட்டது. மறுநாள் வாசலில் வரிசை நின்றது. நேராகக் குத்தினால் யாரும் வாங்கவில்லை. "அந்தப் பொண்ணுக்குக் குத்துன மாதிரி கொஞ்சம் சாய்ச்சு" என்று கேட்டார்கள்.

அன்றைக்குத்தான் சங்கத் தலைவர் பாங் யோங்பே முதல்முறையாக வந்தார். பக்கத்துச் சந்தில் பழைய கழிப்பறைப் பீங்கான்களை வாசலில் வரிசையாக நிறுத்தி, அவற்றில் வெங்காயத்தாளும் கீரையும் வளர்ப்பவர். வரைபடத்தில் அவரை மூத்த சிற்பி என்று போட்டிருந்தது. கண் சிவந்து, நரைத்த முடி ஒரு பக்கமாக எழுந்து நின்றது. ரொம்ப உழைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று கில்சு மரியாதையோடு நினைத்துக்கொண்டான்.

"தம்பி, சங்கத்துக் கூட்டத்துக்கு வாயேன்."

"எனக்கு நேரம் இல்லைங்கய்யா. பகல்ல கொஞ்சம் வேலை இருக்கு."

"அந்த வேலைக்குத்தான் கூப்பிடுறேன்" என்றார் பாங். அதற்குள் நாலைந்து பேர் அவரைச் சூழ்ந்துகொண்டு போனை உயர்த்தினார்கள். அவர் வாயை மூடிக்கொண்டு, தூரத்தில் எதையோ பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். பழகிய முகம் அது.

கில்சு போகவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். ஓவியர் விட்டுப்போன கறுப்புச் சாயத்தில் தூரிகையை முக்கி, ஒரு பலகையில் பெரிதாக எழுதி வாசலில் மாட்டினான். "நான் கலைஞன் இல்லை. கிரேன் ஓட்டுகிறவன். தூங்கிக்கொண்டிருக்கிறேன்."

இதற்கு மேல் தெளிவாக ஒரு மனுஷன் எழுத முடியாது. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

"நான் கலைஞன் இல்லையாம். என்ன அடக்கம் பாரு" என்றது வெளியே ஒரு ஆண் குரல்.

"கிரேன்னா என்னங்க அர்த்தம்?"

"நம்ம எல்லாருமே எதையோ தூக்கிக்கிட்டு அலையுறோம்ல. அதச் சொல்றாரு."

கொஞ்ச நேரம் அமைதி. கில்சுவுக்கு நம்பிக்கை வந்தது. பிறகு எழுந்து ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தான். பலகைக்குக் கீழே அந்தக் கணவனும் மனைவியும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, தூங்குவதுபோல் கண்ணை மூடிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அதே படத்துக்கு வேறு ஆட்கள் காத்திருந்தார்கள்.

எதிர்வீட்டு மல்சுன் அக்கா இதையெல்லாம் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுச் சுவர் முழுக்கச் சிவப்பு ரப்பர் கையுறைகளாகத் தொங்கும். "உழைக்கும் கைகள்" என்று அதற்கு வரைபடத்தில் பேர் போட்டு, அவளைத் துணிச் சிற்பி என்று எழுதியிருந்தார்கள். அவள் பக்கம் காற்றடித்தால் ஒரு மீன் வாடை வரும். ஏதோ பசையாக இருக்கும் என்று கில்சு விட்டுவிட்டான்.

"தூக்கம் வரலையா தம்பி?"

"சத்தம்கா. தாங்கல."

"பலகையப் படிச்சேன்" என்றாள் அவள். ஏதோ சொல்ல வந்து, கையுறைகளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறவர்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மதியம் கூட்டத்துக்கு வந்துரு. எல்லாம் சரியாயிரும்."

"வேற வழி ஏதாவது சொல்லுங்கக்கா."

அவள் பெருமூச்சு விட்டாள். உள்ளே போய் ஒரு கட்டு முட்டை அட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். "ஜன்னல்ல ஒட்டிப் பாரு. கொஞ்சம் சத்தம் குறையும்."

கில்சு ஒட்டினான். ஜன்னலில் ஒட்டினான், கதவில் ஒட்டினான், மிச்சமிருந்ததைத் திமிங்கலங்களின் மேலேயும் ஆணி அடித்தான். சத்தம் உண்மையாகவே குறைந்தது. ஒரு நாள் முழுக்க மனுஷன் கட்டையாகத் தூங்கினான். அந்த ராத்திரி பெட்டிகள் எல்லாம் ஒழுங்காக இடத்தில் போய் உட்கார்ந்தன. கீழேயிருந்து குவாக்கே கையசைத்தார்.

மறுநாள் பத்திரிகைக்காரி வந்தாள். "கலைஞர்கள் வாழும் வீடு" என்று மாதாமாதம் ஒரு வீட்டைப் பற்றி எழுதுகிறவள், பேர் யாங். கூடவே ஒரு புகைப்படக்காரன். முட்டை அட்டையில் வெயில் விழுகிற விதத்தைப் பார்த்தே பாதி உருகிவிட்டாள். செருப்பைக் கழற்றிக்கொண்டு, கில்சு வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"எவ்வளவு இதமா இருக்கு" என்றாள் சுற்றிலும் பார்த்து.

கில்சுவும் சுற்றிலும் பார்த்தான். எழுந்து போகச் சோம்பல் என்பதால் சோற்றுப் பானை தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. வெளியே காயப்போட்டால் படம் எடுக்கிறார்கள் என்று காலுறைகளை விளக்குக் கம்பியில் தொங்கவிட்டிருந்தான். நூடுல்ஸ் வேகவைக்கிற பாத்திரத்தில் அலாரக் கடிகாரங்கள் கிடந்தன.

"இந்தக் கடிகாரங்கள ஏன் பாத்திரத்துக்குள்ள வச்சிருக்கீங்க?"

"அப்பதான் சத்தம் பெருசா கேக்கும். எந்திரிக்கணும்ல."

"எந்திரிக்கணும்" என்று அவள் மெதுவாகச் சொல்லி எழுதிக்கொண்டாள். "காலுறைங்க?"

"காயுது."

"உங்க வாழ்க்கையையும் கலையையும் பிரிக்கவே முடியல."

"பிரிக்க நேரம் இல்லம்மா."

அவள் அதையும் எழுதிக்கொண்டு நிமிர்ந்தபோது கில்சு உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தான். அவள் புகைப்படக்காரனைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள். அதோடு போயிருந்தால் புண்ணியம். கில்சு விழிக்கும்வரை காத்திருப்பதுதான் மரியாதை என்று நினைத்து, புகைப்படக்காரனை விட்டு எல்லாக் கோணத்திலும் படம் எடுக்கச் சொன்னாள். ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு வெளிச்சம் அடித்தது. ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் கில்சு திடுக்கிட்டு விழித்தான்.

கட்டுரை வந்தது. "என் கடினமான கேள்விகளுக்கு ஒன்பதாம் எண் வீட்டுக் கலைஞர் தூக்கத்தால் பதில் சொன்னார்" என்று யாங் எழுதியிருந்தாள்.

அதன் பிறகு வந்தவர்கள் தலையணையோடு வந்தார்கள். இலையுதிர் காலத்து இளவெயில் முற்றத்தில் விழ, பாயை விரித்துப் படுத்து, தூக்கம் என்னும் கலையில் பங்கெடுத்தார்கள். விளையாட்டுக்குத்தான் படுத்தார்கள். படி ஏறிய களைப்பில் நிஜமாகவே தூங்கிப்போனார்கள். குறட்டைகூட விட்டார்கள். முட்டை அட்டைகளை நினைவுக்கென்று ஆளுக்கொன்றாகப் பிய்த்துக்கொண்டும் போனார்கள். அந்த வீட்டில் அவனைத் தவிர எல்லோரும் தூங்கினார்கள். கில்சு உள்ளே சுவரில் சாய்ந்து அந்தக் குறட்டைகளைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழுகை வந்தது. அழுவதற்கும் அலுப்பாக இருந்தது.

நடக்கக்கூடாதது நடந்தது. விடியற்காலையில், கடைசிப் பெட்டியை இறக்கும்போது, ரேடியோவில் குவாக்கின் குரல் கேட்டது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"கில்சு. அது லாரி இல்ல. என் காரு."

கில்சு கண்ணை அகலத் திறந்து காலுக்கு நடுவே பார்த்தான். குவாக்கின் வெள்ளைக் காருக்கு ஒரு முழம் மேலே இரும்புப் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

"தெரியுது சார்."

"தெரிஞ்சா தூக்கு."

தூக்கினான். கீழே இறங்கி வந்ததும் குவாக் அவன் கண்களை ரொம்ப நேரம் பார்த்தார். நல்ல மனுஷர், அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"போய்த் தூங்கு. ராத்திரி வரும்போது இந்தக் கண்ணோட வந்தியானா ஏணிப் பக்கம் போகாத. நேரா பூட்டுப் பாக்கப் போயிரு. அதுக்கப்புறம் நீ மேல ஏற முடியாது, நானும் ஒண்ணும் பண்ண முடியாது."

கில்சு வீட்டுக்கு ஓடினான். ஓடினான் என்றால், அந்தப் படிக்கட்டில் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. ஒரு பகல் தூக்கம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. வாசலுக்கு வந்தால், எங்கிருந்தோ பேருந்து பிடித்து வந்த ஒரு கூட்டம் சந்து முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. இடுக்கில் நுழையப் பார்த்தான்.

"அங்கிள், வரிசையில வாங்க" என்றாள் ஒரு பெண்.

"இது என் வீடும்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அந்த மாதிரி உணர வைக்கிற வீடு அங்கிள்."

கில்சு வரிசையின் கடைசியில் போய் நின்றான். ரொம்ப நேரம் நின்றான். வரிசை நகரவில்லை, ஏனென்றால் முன்னால் போனவர்கள் முற்றத்தில் படுத்துத் தூங்கிவிட்டார்கள். வெயில் உச்சிக்கு வந்தது. இனி இழக்க என்ன இருக்கிறது, கலைஞர்களின் காலில் விழுந்துவிடுவோம் என்று மேட்டின் உச்சியைப் பார்த்து நடந்தான்.

குளியல் கூடத்து வாசலில் ஒரு பலகை தொங்கியது. "படைப்புக் கூட்டம் நடக்கிறது. உறுப்பினர்களைத் தவிர யாரும் கதவைத் தட்டக்கூடாது." அந்தப் பக்கமாக வந்த ஜனங்கள் அதைப் படித்துவிட்டுச் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் கடந்து போனார்கள். குழந்தை வாயைத் திறந்தால் தாய் பொத்தினாள். மேடு முழுக்க அமைதி இருந்த இடம் அது ஒன்றுதான். இவ்வளவு அமைதியையும் பேசியே கெடுக்கிறார்களே என்று கில்சுவுக்கு வயிறெரிந்தது.

கதவை மெல்லத் தள்ளினான். பாங் யோங்பேதான் உள்ளேயிருந்து கையைப் பிடித்து இழுத்துக் கதவைத் தாழிட்டார்.

"வந்துட்டியா தம்பி. செருப்பக் கழட்டு" என்று கிசுகிசுத்தார்.

உள்ளே இருட்டாக இருந்தது. கனத்த திரைகள் ஜன்னல்களை மூடியிருந்தன. ஏதோ கலைப்படம் காட்டப் போகிறார்கள் என்று கில்சு நினைத்தான். காலடியில் தரை கதகதப்பாக இருந்தது, அதுவே கண்ணைச் சொருகவைத்தது. தரையெங்கும் ஆட்கள் இருப்பது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. யாரும் பேசவில்லை. அவன் பேசுவதற்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று எண்ணி, குனிந்து வணங்கி, தொண்டையைச் செருமினான்.

"பெரிய பெரிய கலைஞர்களெல்லாம் இருக்கிற சபையில நான் நிக்கவே கூடாதுங்க. நான் கலைஞன் இல்ல. ஓவியர் இருந்த வீட்டுல தெரியாம குடிவந்துட்டேன். அந்த முட்டை அட்டை கலை இல்லைங்க, அது சத்தத்துக்கு. காலுறை கலை இல்ல, அது காயப்போட்டது. நான் துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவன். இன்னிக்குத் தூங்கலைன்னா என்னை மேல ஏத்த மாட்டாங்க. அந்தக் கூண்டு போயிடும். எனக்கு அத விட்டா ஒண்ணும் இல்லைங்க. உங்க கலைக்கு நான் குறுக்க வரல. வரைபடத்துலேர்ந்து என் வீட்ட மட்டும் எடுத்துருங்க. உங்கள மாதிரி ஆளுங்களுக்கு நடுவுல இருக்க எனக்குத் தகுதி இல்ல."

இருட்டில் யாரோ புரண்டார்கள். பிறகு, அவன் கால்மாட்டில் தரையிலிருந்து, போர்வைக்குள்ளிருந்து மல்சுன் அக்காவின் குரல் எரிச்சலோடு வந்தது.

"யோவ், இங்க எவன்யா கலைஞன், பாங் அண்ணன் ராத்திரி குழாய் ரிப்பேர்காரரு, நான் ராத்திரி மீன் வெட்டுறவ, தூங்க வேற இடம் இல்லாமத்தான் நாங்க சங்கமே ஆரம்பிச்சோம், பேசாம அந்த மூலையில இருக்கிற தலையணைய எடுத்துப் போட்டுப் படு."